பிரபுவின் இடது கன்னம்

டெல்வர்ட்டன் பிரபுவுக்கு மரு இருப்பது இடது கன்னத்தில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லண்டனில் அவரை அடையாளம் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் அது வலது கன்னத்தில் இருப்பதாகவே நம்பினார்கள். அப்படி நம்ப வைத்தவன் நான்.

என் பெயர் ஆம்ப்ரோஸ் டிக்கல். வயது இருபத்து மூன்று. ஸ்ட்ராண்ட் தெருவுக்குப் பின்னால் திருமதி ரட்லிஜ் நடத்தும் படக்கடையில் செம்புத் தகடு செதுக்குகிறேன். திங்கள், வியாழன் மாலைகளில் சித்திரப் பள்ளிக்குப் போகிறேன். அன்றன்று நடந்ததைக் குறிப்பேட்டில் எழுதி வைக்கும் வழக்கம் உண்டு. இது அதிலிருந்து எடுத்து வரிசைப்படுத்தியது. வரிசை சரிதானா என்று மூன்று தடவை பார்த்துவிட்டேன். இருந்தாலும் சந்தேகம் போகவில்லை.

தகட்டில் வலப்பக்கம் செதுக்கியது தாளில் இடப்பக்கம் விழும். எழுத்தானாலும் முகமானாலும் இதேதான். அதனால் வரைந்து வைத்த மாதிரியைக் கண்ணாடிக்கு எதிரே நிறுத்தி, கண்ணாடிக்குள் தெரிவதைப் பார்த்துச் செதுக்குவோம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுத்தருவது இது. கண்ணாடியை மறந்தவனை இரண்டாவது வாரம் முழுக்கக் கேலி செய்வார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் கழித்து மறந்தேன்.

அது மெழுகுவர்த்தி வரி வந்த வாரம். வரியைக் கொண்டுவந்தவர் டெல்வர்ட்டன் பிரபு. நாளைக் காலை ஜன்னலில் படம் தொங்க வேண்டும் என்றார் திருமதி ரட்லிஜ். நான் ஓடிப்போய் பிரபுக்கள் அவையின் வாசலில் நின்றேன். பிரபு வண்டியிலிருந்து இறங்கிப் படியேற எடுத்த நேரத்தில், தொப்பிக்குள் வைத்திருந்த தாளில் அவர் முகத்தைக் கிறுக்கிக்கொண்டேன். மெலிந்த முகம். கன்னத்தில் பட்டாணி அளவு மரு. கடைக்குத் திரும்பி, அவர் ஒரு வைக்கோல் கூரைமேல் உட்கார்ந்து தெருவிலுள்ள எல்லா வீட்டு மெழுகுவர்த்திகளையும் ஊதி அணைப்பதாகப் படம் போட்டேன். ஊதுவதற்காகக் கன்னங்களைப் பூசணி மாதிரி உப்ப வைத்தேன். கன்னம் உப்பியதும் மருவும் பிளம் பழம் அளவுக்கு வளர்ந்தது. தலைப்பு எழுத்துகளைக் கைப்பழக்கத்தில் சரியாகத் திருப்பி எழுதிவிட்டேன். முகத்தை மட்டும் அவசரத்தில் கண்ணாடி இல்லாமல் நேராகவே போட்டுவிட்டேன்.

அச்சு உருளையை இயக்கும் காட்ஸ்பி முதல் தாளை உரித்து எடுத்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது. மரு வலது கன்னத்தில் இருந்தது. காட்ஸ்பி தாளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் அடுத்த தாளை எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் நண்பகலுக்குள் ஜன்னல் முன்னால் நடக்க வழியில்லாத கூட்டம். அதற்குப் பிறகு இரண்டு வருடத்தில் அதே பிரபுவை வைத்துப் பதினொரு கேலிப்படங்கள் போட்டேன். பதினொன்றிலும் மருவை வேண்டுமென்றே வலது கன்னத்தில் வைத்தேன். படத்துக்குக் கீழே பெயர் போடவே தேவையில்லாமல் போனது, மருவே போதும். நேரில் எத்தனை பேர் அவரைப் பார்த்திருப்பார்கள்? அவர் மூடிய வண்டியில் போகிறவர்.

எங்கள் படங்களைத் திருட்டுத்தனமாக நகலெடுத்து விற்கும் கடை ஒன்று ஃப்ளீட் தெருப்பக்கம் இருக்கிறது. அங்கே நகலெடுப்பவன் என்னுடன் சித்திரப் பள்ளியில் படிக்கும் புரோசர். அவன் முதலாளி ஒரு படத்துக்கு ஒன்றரை நாள்தான் கொடுப்பார். கண்ணாடி வைத்துத் திருப்ப நேரம் இருக்காது. புரோசர் தலைப்பு எழுத்துகளை மட்டும் திருப்பி எழுதிவிட்டு, மற்றதை எங்கள் படத்தில் பார்த்தபடியே தகட்டில் ஏற்றுவான். அதனால் அவனுடைய நகல் எல்லாம் இடம் வலமாகத் திரும்பி, மரு இடது கன்னத்துக்கு, அதாவது சரியான கன்னத்துக்குப் போய்விடும். இது அவனுக்குத் தெரியாது. திருமதி ரட்லிஜ் வாடிக்கையாளர்களிடம் மருவைத் தொட்டுக் காட்டி, வலது கன்னத்தில் இருந்தால் அசல், இடது கன்னத்தில் இருந்தால் போலி என்று சொல்லி விற்பார். நான் பின்னறையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கேலிப்படத்தில் செதுக்கியவன் பெயர் இருக்காது. உருவப்படத்தில் இருக்கும். இடது மூலையில் ஓவியர் பெயர், வலது மூலையில் செதுக்கியவர் பெயர். பெயர் பொறித்த ஒரே ஒரு நல்ல உருவப்படம் கையில் இருந்தால் எந்தக் கடைக்கும் போய் வேலை கேட்கலாம். ஐந்து வருடமாக நான் காத்திருந்தது அதற்குத்தான்.

சென்ற இலையுதிர் காலத்தில் அது வந்தது. வந்தது டெல்வர்ட்டன் பிரபுவின் முகமாக.

பிரபு வீட்டிலிருந்து எண்ணெய் ஓவியம் ஒன்றை அனுப்பி, அதைச் செதுக்கி விற்கலாம் என்று திருமதி ரட்லிஜுக்கு அனுமதி கொடுத்தார்கள். புகழ்ச்சியும் அதே கடையில் விற்றால் திட்டு குறையும் என்று யாரோ அவர்களுக்கு யோசனை சொல்லியிருக்க வேண்டும். திருமதி ரட்லிஜுக்கு அதில் ஆட்சேபணை இல்லை. ஒரு ஜன்னல் திட்டட்டும், ஒரு ஜன்னல் புகழட்டும், கடை ஒன்றுதானே என்றார்.

ஓவியர் நேர்மையானவர். மருவை விடவில்லை, இடது கன்னத்தில் இருந்தபடியே வைத்திருந்தார். இந்தத் தடவை நான் கண்ணாடியை ஓவியத்துக்கு எதிரிலிருந்து நகர்த்தவே இல்லை. மூன்று மாதம் செதுக்கினேன். பிரபு பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் பெயர்களைப் பொறிப்பது வழக்கம். புதன்கிழமை காலை பத்து மணிக்கு வரச்சொல்லி ஆள் வந்தது.

புதன்கிழமைக்கு முந்திய மூன்று நாளும் எனக்குக் கை ஓரிடத்தில் நிற்கவில்லை. தீட்டிய உளிகளையே மறுபடி தீட்டினேன். பிரபுவின் பார்வைக்காக எடுத்த ஒத்திகை அச்சையும் அதன் மறுஅச்சையும் சேர்த்துச் சுருட்டி வைத்தேன், பிரித்துப் பார்த்தேன், திரும்பச் சுருட்டினேன். மறுஅச்சு என்பது மை காயாத தாளின் மேல் இன்னொரு தாளை அழுத்தி எடுப்பது. அது தகட்டைப் போலவே திரும்பி நிற்கும். தகட்டில் பிழை தேடுவதற்காக எடுப்போம். அதைக் கொண்டுபோக வேண்டிய அவசியமே இல்லை. கேட்டால் காட்டலாம் என்று எடுத்துப் போனேன். எல்லாவற்றையும் கையோடு வைத்திருந்தால் தவறு வராது என்று ஒரு நினைப்பு எனக்கு.

பிரபுவை உடை மாற்றும் அறையில் பார்த்தேன். சவரம் நடந்துகொண்டிருந்தது. மேசைமேல் ஆறிய சாக்லேட் கோப்பை. படங்களில் நான் இரண்டு வருடமாக ஊத வைத்த மனிதர் இத்தனை ஒல்லியாக, கழுத்தில் துண்டுடன், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். குரலும் மெலிசு. ஒத்திகை அச்சை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"யாரு இது?"

"நீங்கதாங்க ஐயா."

"என் தம்பி மாதிரி இருக்கு. அவன் செத்துப் பதினாலு வருஷம் ஆச்சு."

அதை மேசைமேல் போட்டுவிட்டுச் சுருளில் மிச்சம் இருந்த தாளை அவரே உருவினார். மறுஅச்சு. மங்கலாகத்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதுதான் நான், இதை ஏன் ஒளித்து வைத்தாய் என்று கேட்டார். சவரம் செய்பவரிடம் காட்டி, எது நான் என்றும் கேட்டார். அவர் முதல் தாளைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார், பிறகு பிரபுவின் முகத்தைப் பார்த்து, இரண்டாவதுதான் என்றார்.

பிரபு மேசை இழுப்பறையைத் திறந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். மெழுகுவர்த்திப் படம். முதல் நாளே வாங்கியிருக்க வேண்டும். மடிப்பு தேய்ந்திருந்தது. மறுஅச்சையும் அதையும் அருகருகே வைத்தார். இரண்டிலும் மரு ஒரே பக்கம் இருந்தது.

"ஊர்ல என்னைப் போடாதவன் இல்ல," என்றார். "இவன் ஒருத்தன்தான் என்னை நல்லாப் பாத்திருக்கான். திட்டணும்னாவது பாத்திருக்கான். நீ புகழுறதுக்குப் போட்டுட்டு, முகத்தைக் கோட்டை விட்டுட்டே. இந்த ரெண்டாவது மாதிரி மாத்திக் கொடு. உன் பேரைப் போட்டுக்கோ."

சரிங்க ஐயா என்று சொல்லியிருக்கலாம். அந்த நிமிடத்தைக் குறிப்பேட்டில் நான்கு விதமாக எழுதிப் பார்த்திருக்கிறேன். செதுக்கிய தகட்டைத் திருப்ப முடியாது. மருவை மட்டும் சுரண்டி எடுத்து மறு கன்னத்தில் வைக்கலாம், அரை நாள் வேலை. மூக்கும் வாயும் ஒரு பக்கம் நிற்க மரு இன்னொரு பக்கம் நிற்கும். அது ஓவியத்திலும் இல்லாத, கண்ணாடியிலும் இல்லாத ஒருவருடைய முகம். அதன் கீழே என் பெயர். தைரியத்தில் பேசினேன் என்று சொல்ல மாட்டேன். அந்தத் தகட்டை நினைத்ததும் பேச்சு தானாக வந்துவிட்டது.

"ஐயா, ரெண்டாவது தாள் திரும்பி விழுந்தது. நீங்க கண்ணாடியில பாக்குற முகம் அது. மத்தவங்க பாக்குறது முதல் தாளைத்தான்."

அவர் உடனே இழுப்பறைப் படத்தைத் தட்டினார். அப்படியானால் இதை வரைந்தவனும் என் கண்ணாடிக்குள் உட்கார்ந்தா பார்த்தான் என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அதற்கு ஒரே பதில்தான் இருந்தது.

"அவன் கண்ணாடி வைக்க மறந்துட்டான் ஐயா. அவன் நான்தான்."

சவரக்கத்தி நின்றது. பிரபு எழுந்து சுவரிலிருந்த பெரிய கண்ணாடி முன்னால் போனார். வலது கையை உயர்த்தி இடது கன்னத்தைத் தொட்டார். கண்ணாடிக்குள் இருந்தவரைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு சவரம் செய்பவரிடம், மருவுக்காக எந்தப் பக்கம் கத்தியைத் தூக்குவாய் என்று கேட்டார்.

"இடது பக்கம்தாங்க. ஆறு வருஷமா."

"அப்ப இவ்வளவு நேரம் ஏன் வாயைத் திறக்கல?"

"நீங்க அதுதான் நான்னு சொன்னீங்க. நான் எப்படி இல்லன்னு சொல்றது?"

பிரபு நாற்காலிக்குத் திரும்பினார். முகத்தில் சோப்பு நுரை காய்ந்துகொண்டிருந்தது. கோபமா இல்லையா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஊரே இரண்டு வருடமாக இல்லாத ஒருவனைப் பார்த்துச் சிரித்திருக்கிறது, எனக்கு அதற்காகத் தூக்கம் கெட்டது என்று பாதி தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். பிறகு உருவப்படம் இருந்தபடியே இருக்கட்டும் என்றார். நான் தாள்களைச் சுருட்டப் போனேன். அவர் முடிக்கவில்லை.

"இதுல உன் பேர் வரணும்னா, அதுலயும் வரணும். புகழுறப்ப மட்டும் பேரு, திட்டுறப்ப முக்காடா? ரெண்டும் வெள்ளிக்கிழமை என் கைக்கு வரணும். இல்ல, ரெண்டும் பேரில்லாமலே போகட்டும்."

தெருவில் நடக்கும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். கேலிப்படத்தில் பெயர் போட்டால் நாளை அமைச்சர் யாராவது வழக்குப் போட என் வீடு தேடி வரலாம். அது ஒன்று. அதைவிட என்னைக் குடைந்தது இரண்டாவது விஷயம். உருவப்படமும் கேலிப்படமும் ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்து ஜன்னலில் தொங்கும். இரண்டிலும் ஒரே பெயர். ஒன்றில் மரு இடது, ஒன்றில் வலது. தொழிலில் இருக்கும் எவனுக்கும் ஒரு பார்வை போதும், டிக்கல் கண்ணாடி வைக்க மறந்தவன் என்று தெரிந்துவிடும். என் பெயர் வெளியே வரும் முதல் நாளே அப்படியா வர வேண்டும்?

திருமதி ரட்லிஜ் பாலாடைக்கட்டி நறுக்கிக்கொண்டே முழுவதையும் கேட்டார். பெயர் இல்லாத படத்துக்கு அதிகாரிகள் கடைக்காரியைப் பிடிப்பார்கள், பெயர் இருந்தால் செதுக்கியவனைப் பிடிப்பார்கள், அதனால் தனக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்றார். பிறகு கத்தியைக் கீழே வைத்தார்.

"இருடா. அப்ப ரெண்டு வருஷமா நான் போலின்னு தள்ளினது எல்லாம் சரியா? நாம வித்ததுதான் தப்பா?"

"மரு மட்டும்தாம்மா."

"மருவைத் தானே நான் வித்தேன்."

அன்று பகல் முழுவதும் என்னிடம் பேசவில்லை. மாலையில் வந்து, எது செய்தாலும் வெள்ளிக்கிழமைக்குள் செய், ஜன்னல் காலியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

வியாழன் மாலை சித்திரப் பள்ளிக்குப் போனேன். புதிதாகச் சேர்ந்த ஒருவன் தன் முதல் தகட்டின் அச்சைக் கொண்டுவந்திருந்தான். வாள் இடது கையில் இருக்கும் போர்வீரன். புரோசர் அதை விளக்கருகே தூக்கிப் பிடித்து, இந்தப் படையில் எல்லோருமே இடது கைக்காரர்களா என்று கேட்டான். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். மாதிரியாக நின்றவரின் பாதத்தை அன்று ஆறு முறை வரைந்தேன், ஆறும் உதவவில்லை. புரோசர் எட்டிப் பார்த்தான்.

"என்னடா டிக்கல், ஒரு காலுக்கு ஆறு காலா? உங்க கடையில முகம் போடுற ஆளைக் கேளு, சொல்லித் தருவான். யாரு அவன்? ரெண்டு வருஷமா நகலெடுக்கிறேன், பேர் தெரியல."

தெரியாது என்றேன். வீடு போய்ச் சேரும்வரை அந்த ஒரு சொல் கூடவே வந்தது.

வெள்ளிக்கிழமை வெளிச்சம் வந்ததும் உட்கார்ந்தேன். உருவப்படத் தகட்டில் வலது மூலைக்குரிய இடத்தில் என் பெயரையும் 'செதுக்கியவர்' என்ற சொல்லையும் எழுத்து எழுத்தாகத் திருப்பிப் பொறித்தேன். பிறகு மெழுகுவர்த்தித் தகட்டை எடுத்தேன். பழைய மை அடியில் காய்ந்திருந்தது. உளியை வைத்தேன், எடுத்தேன், ஜன்னல் வரை நடந்தேன், திரும்ப வந்தேன். பெயரைச் சரியாகத் திருப்பிப் பொறித்தால், பிழையான முகத்துக்குக் கீழே பிழையில்லாத பெயர். அது பொய் மாதிரி இருந்தது. முகத்தை எப்படிப் போட்டேனோ அப்படியே பெயரையும் போடுவது என்று முடிவு செய்தேன். கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கடிதத்தில் கையெழுத்துப் போடுவதுபோல் என் பெயரையும் 'செதுக்கியவர்' என்ற சொல்லையும் தகட்டில் நேராக எழுதினேன். அந்த இடத்தில் கூரையின் வைக்கோல் கோடுகள் இருந்தன. பெயர் அவற்றுக்குள் பாதி புதைந்து நின்றது.

இது துணிச்சலா, பயந்தவனின் தந்திரமா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

காட்ஸ்பி முதல் தாளை உரித்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"தம்பி, பேர் திரும்பிக் கிடக்கு."

"தெரியும்."

"மரு திரும்பினப்பவும் உனக்குத் தெரியும்தானே?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் உருளைக்கு அடுத்த தாளை நனைத்துக்கொண்டிருந்தார். முப்பது வருடமாகத் தகட்டையும் தாளையும் மாறி மாறிப் பார்ப்பவர். கூட்டம் நிற்கும்போது எதற்கு என்று விட்டுவிட்டதாகச் சொன்னார்.

இரண்டு தாள்களும் பிரபு வீட்டுக்குப் போயின. மதியம் பணியாள் உருவப்படத்தை மட்டும் திருப்பிக் கொண்டுவந்தான். ஓரத்தில் பிரபுவின் கையெழுத்து இருந்தது, ஒப்புதல். மற்றதைப் பற்றிக் கேட்டேன். அதைக் கண்ணாடிக்கு எதிரே தூக்கிப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார் என்றான். கோபமாக இருந்தாரா என்று கேட்டேன். முதுகுதான் தெரிந்தது, தோள் குலுங்கியது, அதற்குமேல் சொல்ல முடியாது என்றான்.

சனிக்கிழமை இரண்டும் ஜன்னல்களில் தொங்கின. உருவப்படத்தின் முன்னால் மூன்று பேர் நின்றார்கள். ஒருவர் மரு இடம் மாறியிருப்பதாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார். பழைய மெழுகுவர்த்திப் படம் புதிதாக அச்சாகியிருக்கிறது என்று தெரிந்ததும் மற்ற ஜன்னலில் கூட்டம் கூடியது. திரும்பி நின்ற பெயரை எவரும் கவனிக்கவில்லை. வைக்கோல் என்று நினைத்திருப்பார்கள். நான் எதிர்ப்பக்கம் நின்று மூன்று மணி நேரம் பார்த்தேன். யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயந்து நின்றேன். பிறகு யாரும் கண்டுபிடிக்கவில்லையே என்று எரிச்சல் வந்தது.

திங்கள் மாலை பள்ளிக்குள் நுழைந்தபோது விளக்கைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நடுவில் ஒரு தாள். பிரபு கூரைமேல் உட்கார்ந்து மெழுகுவர்த்திகளை ஊதிக்கொண்டிருந்தார், மரு இடது கன்னத்தில். புரோசரின் நகல். புதிய அச்சைப் பார்த்து அவன் முதலாளியும் அவசரப்படுத்தியிருக்கிறார். அவனும் வழக்கம்போல் பார்த்ததைப் பார்த்தபடி, கோட்டுக்குக் கோடு, வைக்கோலுக்கு வைக்கோல் தகட்டில் ஏற்றியிருக்கிறான்.

வாள் படத்துக்காகப் போன வாரம் கேலிக்கு ஆளான புதியவன், தாளின் மூலையில் விரலை வைத்து உரக்கப் படித்தான்.

"ஆம்ப்ரோஸ் டிக்கல், செதுக்கியவர்." பிறகு நிமிர்ந்தான். "புரோசர் அண்ணே, ராத்திரி பகலா நீங்க வேலை செஞ்ச படத்துல இவர் பேர் எப்படி வந்துச்சு?"

சிரிப்பு அடங்க நேரமானது. புரோசர் தாளைப் பிடுங்கி முகத்தருகே வைத்துப் பார்த்தான். வைக்கோலுக்கு நடுவில் என் பெயர் நேராக, தெளிவாக இருந்தது. நான் எழுதியதைவிடக் கொஞ்சம் அழகாகவே இருந்தது. புரோசருக்குக் கை நல்ல கை.

அவன் என்னிடம் வந்தான். கேலி எதுவும் இல்லை.

"பன்னிரண்டும் நீதானா?"

"ஆமா."

"வியாழக்கிழமை தெரியாதுன்னியே."

"வியாழக்கிழமை பயமா இருந்துச்சு. இப்பவும் இருக்கு."

அவன் தாளை என் பக்கம் நீட்டினான். வருகிற வாரம் யாராவது அதிகாரி கையில் இந்தத் தாளோடு வந்து நிற்கலாம். எத்தனை தாள் விற்றிருக்கிறது என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. மூன்று மாதம் செதுக்கிய உருவப்படத்தில் என் பெயரை இதுவரை ஒருவரும் படித்ததாகத் தெரியவில்லை. என் பெயரை முதலில் உரக்கப் படித்தவன் அதைத் திருட்டு நகலில் படித்திருக்கிறான்.

"உன்னுதுலதான் மரு சரியான பக்கம் இருக்கு," என்றேன். "முதல்லேருந்தே."

புரோசர் தாளை ஒருமுறை பார்த்தான், என்னை ஒருமுறை பார்த்தான். ஆசிரியர் உள்ளே வந்து எல்லோரையும் உட்காரச் சொன்னார். அன்று மாதிரியாக நின்றவர் இடது கையை நீட்டி நின்றார். நான் அதை வரைந்தேன். பெருவிரல் எந்தப் பக்கம் என்று இரண்டு முறை சரிபார்த்தேன்.